படிப்பகக் கணினிக்குப் பூட்டு போட்டு நானே மாட்டிக்கொண்டது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறு நகரத்துப் படிப்பகத்தில் நடந்தது இது. அரசுத் தேர்வுகளுக்குத் தயாராகும் இளைஞர்கள் காலை ஆறு மணிக்கே வந்து இடம் பிடிக்கும் வகைப் படிப்பகம். நன்கொடையாக வந்த ஒரு மேசைக் கணினியும் ஒரு லேசர் பிரிண்டரும் அங்கே உண்டு. கணினியில் விண்டோஸ் 10 புரோ. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோகும் தன்னார்வலன். மற்ற நாட்களில் கணினியைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை. செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாவி அவரிடம், பொறுப்பும் அவரிடம்.

2024 தொடக்கத்தில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்ததும் அந்த ஒற்றைக் கணினிக்கு வரிசை நிற்கத் தொடங்கியது. விண்ணப்பம் போட, போட்டோவையும் கையெழுத்தையும் கேட்ட கேபி அளவுக்குச் சுருக்க, பழைய வினாத்தாள் எடுக்க, பிரிண்ட் போட என்று நாள் முழுக்க யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு. அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் கிடையாது. அது நிர்வாகிக் கணக்கு என்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

பார்த்தவை

கணினி மெதுவாக இருக்கிறது என்றுதான் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. போட்டோ சுருக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் நான்கு நிறுவப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தன்னோடு வேறு இரண்டு வேண்டாத விருந்தாளிகளைக் கூட்டி வந்திருந்தது. பென் டிரைவைச் செருகினால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் பழைய வைரஸும் இருந்தது. ஜெராக்ஸ் கடைகளில் பென் டிரைவ் கொடுத்து வாங்கிய எல்லோருக்கும் பழக்கமானதுதான் அது.

இதையெல்லாம் சுத்தம் செய்துவிடலாம். என்னை உறுத்தியது டவுன்லோட்ஸ் கோப்புறை. ஆதார் அட்டைகள், சாதிச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள், கையெழுத்துப் படங்கள் என்று முன்பின் தெரியாதவர்களின் ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பிரவுசரில் பத்துப் பதினைந்து பேரின் கடவுச்சொற்களும் சேமிக்கப்பட்டிருந்தன. அடுத்து உட்காருபவர் நினைத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

செயலாளரிடம் காட்டினேன். "எல்லாத்தையும் பூட்டிடுங்க தம்பி, படிக்கிறதுக்கும் பிரிண்டுக்கும் மட்டும் விடுங்க" என்றார். பழுது வந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்க்க வேண்டும் என்பதால் எனக்கு எந்தத் தடையும் இருக்கக்கூடாது. வேலை இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதல் முடிவும் அதன் காரணமும்

கணினியை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். கடவுச்சொல்லோடு எனக்கு ஒரு நிர்வாகிக் கணக்கு. 'படிப்பகம்' என்ற பெயரில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு சாதாரணக் கணக்கு. இதுவரை சரி. இங்கேயே நிறுத்தியிருந்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும். சாதாரணக் கணக்கால் எல்லோருக்குமான மென்பொருளை நிறுவ முடியாது, மற்றவர் கோப்புறையைத் திறக்க முடியாது, விண்டோஸ் கோப்புகளைத் தொட முடியாது. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும்.

நான் நிறுத்தவில்லை. பிரவுசிங் சென்டர்கள் நடந்த காலத்தில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டு, மறுதொடக்கம் செய்ததும் கணினி பழைய நிலைக்கே திரும்புவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பூட்டு என்றால் முழுப் பூட்டாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். என் கணக்கில் உள்நுழைந்து ஜிபிஎடிட்டைத் திறந்தேன். குரூப் பாலிசி எனப்படும் கொள்கைகளை அமைக்கும் கருவி அது. இடப்பக்கத்தில் இரண்டு கிளைகள்: ஒன்று கணினிக்கானது, மற்றொன்று பயனருக்கானது. நான் கட்டுப்படுத்த வேண்டியது பயனரை. ஆகவே பயனர் கிளைக்குப் போனேன்.

அங்கே கன்ட்ரோல் பேனலையும் அதோடு சேர்ந்த அமைப்புகள் பக்கத்தையும் தடுத்தேன். ஸ்டார்ட் மெனுவிலிருந்து ரன் கட்டளையை எடுத்தேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தடுத்து, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பேட்ச் கோப்புகளும் ஓடக்கூடாது என்ற துணைத் தேர்வையும் ஆமென்று வைத்தேன். கடைசியாக, குறிப்பிட்ட செயலிகள் மட்டும் இயங்கட்டும் என்ற கொள்கையை இயக்கி, பிரவுசர், லிப்ரே ஆஃபீஸ், பிடிஎஃப் படிப்பான் மூன்றின் பெயர்களைப் பட்டியலில் போட்டேன். ஜன்னலை மூடினேன்.

பூட்டிக்கொண்டது

பிரிண்டரைச் சேர்ப்பதற்காக அமைப்புகளைத் திறந்தேன். இந்தக் கணினியில் உள்ள கட்டுப்பாடுகளால் செயல் ரத்துசெய்யப்பட்டது, உங்கள் கணினி நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று வந்தது. நிர்வாகி நான்தான்.

ஜிபிஎடிட்டை மறுபடி திறக்கப் பார்த்தேன். அதே பதில். நான் போட்ட பட்டியலில் ஜிபிஎடிட்டின் பெயர் இல்லையே! விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் அப்படியே. சேஃப் மோடில் கமாண்ட் பிராம்ப்ட்டோடு தொடங்கிப் பார்த்தேன். கமாண்ட் பிராம்ப்ட் நிர்வாகியால் முடக்கப்பட்டுள்ளது என்று சொல்லி, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொன்னது. பட்டியல் கொள்கையை மட்டும் போட்டிருந்தால் இந்த வழியாவது மிஞ்சியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டு, இருந்த இரண்டு கதவுகளையும் நானே சாத்திவிட்டேன்.

இன்னொரு நிர்வாகிக் கணக்கை முன்பே உருவாக்கி வைத்திருக்கலாமே என்று பின்னால் ஒரு நண்பர் கேட்டார். அதுவும் உதவியிருக்காது. பயனர் கிளையில் போடும் கொள்கை அந்தக் கணினியில் உள்நுழையும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். அங்கே 'பயனர்' என்பது நிர்வாகியல்லாதவர் என்ற பொருளில் வரவில்லை. யார் உள்நுழைந்தாலும் அவர் பயனர். கணினிக் கிளை இயந்திரத்தின் அமைப்புகளுக்கு, பயனர் கிளை உள்நுழைந்தவரின் அமைப்புகளுக்கு. இந்தப் பிரிவினையை ஆட்களின் தகுதிப் பிரிவினை என்று நான் தவறாக எடுத்துக்கொண்டேன். இதே தவற்றைச் செய்த பலரோடு பின்னர் பேசியிருக்கிறேன்; எல்லோரும் அந்தச் சொல்லில்தான் இடறியிருக்கிறார்கள்.

மீட்பு

இரவு ஒன்பதரைக்கு வழி கிடைத்தது. உள்நுழையும் திரையில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மறுதொடக்கம் கொடுத்தால் விண்டோஸின் மீட்புச் சூழல் வரும். அதிலும் ஒரு கமாண்ட் பிராம்ப்ட் உண்டு. நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் திறக்கும். ஆனால் அது தனிச் சூழல் என்பதால் நான் போட்ட கொள்கைகள் எதுவும் அதற்குத் தெரியாது.

கொள்கைகள் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32-இல், குரூப்பாலிசி என்ற மறைந்த கோப்புறையில் இருக்கின்றன. அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றினேன். இங்கே கால் மணி நேரம் வீணானது: மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். வழக்கமாக சி-யில் இருக்கும் விண்டோஸ் அன்று டி-யில் இருந்தது. சி-யில் அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்று வந்தபோது நெஞ்சு படபடத்தது.

மறுதொடக்கம் செய்து உள்நுழைந்தேன். முதல் முறை தடை அப்படியே இருந்தது. இன்னொரு முறை மறுதொடக்கம் செய்த பிறகுதான் போனது. டிஸ்க் முழுவதையும் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் மீட்புக் குறியீடும் வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, அதை நான் இன்னும் தொடவில்லை.

இரண்டாம் முடிவு

அடுத்த ஞாயிறு வரை எதையும் தொடாமல் படித்தேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு கணினிக்கு ஒரே உள்ளூர்க் கொள்கைதான். நிர்வாகியை விலக்க வேண்டுமென்றால், அந்தக் குரூப்பாலிசி கோப்புறையை நிர்வாகிகள் படிக்கவே முடியாதபடி அனுமதியை மறுத்து வைக்கும் ஒரு சுற்றுவழி இருந்தது. கொள்கையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து நிலைமை மாறிவிட்டது. பொதுவான உள்ளூர்க் கொள்கைக்கு மேல் நிர்வாகிகளுக்கு ஒன்று, நிர்வாகியல்லாதவர்களுக்கு ஒன்று, தனித்தனிப் பயனர்களுக்கு ஒவ்வொன்று என்று அடுக்கலாம். முதலில் பொதுவானது, அடுத்து நிர்வாகி அல்லது நிர்வாகியல்லாதவர் கொள்கை, கடைசியில் தனிப் பயனருக்கானது என்ற வரிசையில் அமலாகும். மோதல் வந்தால் கடைசியாக வருவது செல்லும்.

ஜிபிஎடிட்டை நேராகத் திறந்தால் இவை கண்ணில் படாது; இதுதான் எனக்கு வியப்பு. எம்எம்சி என்ற வெறும் சட்டகத்தைத் திறந்து, ஸ்னாப்-இன் எனப்படும் கருவிகளைச் சேர்க்கும் இடத்தில் குரூப் பாலிசி எடிட்டரைத் தேர்ந்து, பிரவுஸ் பொத்தானை அழுத்தி, யூசர்ஸ் பகுதிக்குப் போனால் கணக்குகளின் பெயர்களோடு நிர்வாகிகள், நிர்வாகியல்லாதவர்கள் என்ற இரண்டு வரிகளும் இருக்கும். நிர்வாகியல்லாதவர்கள் என்பதைத் தேர்ந்தேன். திறந்த எடிட்டரில் பயனர் கிளை மட்டுமே இருந்தது. அந்தச் சட்டகத்தை என் கணக்கின் டெஸ்க்டாப்பில் சேமித்துக்கொண்டேன். அடுத்த முறை அவசரத்தில் பழைய ஜிபிஎடிட்டுக்குள் கை போகாமல் இருக்க வேண்டுமே.

இம்முறை முதலில் ஒரே ஒரு கொள்கையைப் போட்டேன்: டெஸ்க்டாப் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. தப்பாகப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லாதது. இரண்டு கணக்கிலும் மாறி மாறி உள்நுழைந்து பார்த்தேன். படிப்பகம் கணக்கில் மாற்ற முடியவில்லை, என்னுடையதில் முடிந்தது. அப்புறம்தான் கன்ட்ரோல் பேனலுக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டுக்கும் தடை போட்டேன்.

செயலிப் பட்டியலைக் கைவிட்டேன். அந்தக் கொள்கை கோப்பின் பெயரை மட்டும் பார்க்கிறது. எதையும் பிரவுசரின் பெயருக்கு மாற்றினால் ஓடிவிடும். எக்ஸ்ப்ளோரர் வழியாகத் தொடங்கும் செயலிகளைத்தான் அது தடுக்கவும் செய்கிறது. அதற்குப் பதில், எந்த மென்பொருள் ஓடலாம் என்று விதி வைக்கும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கரை எடுத்தேன். முன்பு புரோ பதிப்பில் அது அமலாகாது. விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து (அது ஆண்டு அல்ல), தேவையான புதுப்பிப்பு இருந்தால், அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆப்லாக்கரின் இயல்பு விதிகள் எளிமையானவை: புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய கோப்புறைகளில் உள்ளவற்றை எல்லோரும் இயக்கலாம், நிர்வாகிகள் எங்கிருந்தும் எதையும் இயக்கலாம். பென் டிரைவிலிருந்தோ டவுன்லோட்ஸிலிருந்தோ சாதாரணக் கணக்கு எதையும் ஓட்ட முடியாது. ஸ்கிரிப்ட்களுக்கும் அதே விதியைப் போட்டேன், ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் ஸ்கிரிப்டாகத்தான் ஓடுகிறது என்பதால்.

ஆப்லாக்கர் கணினிக் கிளையில் இருப்பது. அதைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு விதியும் யாருக்கு என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதோடு, தடுக்காமல் வெறுமனே குறித்து வைக்கும் தணிக்கை நிலையும் அதில் உண்டு. இரண்டு வாரம் அந்த நிலையிலேயே விட்டேன். அதற்கு வேண்டிய அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சேவையைத் தானே தொடங்கும்படி வைக்க, சேவைகள் ஜன்னல் அனுமதிக்கவில்லை. நிர்வாகி கமாண்ட் பிராம்ப்ட்டில்தான் செய்ய முடிந்தது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 8003 என்ற எண்ணுள்ள பதிவுகளை மட்டும் எடுத்தேன். அமலில் இருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்லும் பதிவுகள் அவை. போட்டோ சுருக்கும் மென்பொருள்கள் எதிர்பார்த்ததே. தட்டச்சுப் பள்ளியில் படித்த சிலர் பழைய தட்டச்சு விசைப்பலகைக்காகத் தமிழ் எழுது மென்பொருளைப் பென் டிரைவிலேயே வைத்து ஓட்டுவது எனக்கு அதுவரை தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அமல்படுத்தியிருந்தால் முதலில் அவர்கள் கைதான் கட்டப்பட்டிருக்கும். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் எழுது மென்பொருளை நிர்வாகியாக நிறுவினேன். விண்டோஸில் உள்ள தமிழ்99 விசைப்பலகையையும் படிப்பகம் கணக்கில் சேர்த்தேன். அமைப்புகளைத் தடுத்துவிட்டதால் அவர்களால் அதைத் தாங்களாகச் சேர்க்க முடியாது. போட்டோ சுருக்க இர்ஃபான்வியூ என்ற மென்பொருள். பிறகு அமலாக்கினேன்.

ஆவணங்களின் பிரச்சினைக்குப் பூட்டு தீர்வல்ல. பிரவுசரில் கடவுச்சொல் சேமிப்பதை நிறுத்தினேன். கணக்கிலிருந்து வெளியேறும்போது டவுன்லோட்ஸைக் காலி செய்யும் சிறு பேட்ச் கோப்பை நிர்வாகியல்லாதவர் கொள்கையிலேயே வைத்தேன். ஓடவில்லை. அரை நாள் தேடியபின் தெரிந்தது: பேட்ச் கோப்புகளும் ஓடக்கூடாது என்ற அதே துணைத் தேர்வைப் பழைய பழக்கத்தில் மறுபடி ஆமென்று வைத்திருக்கிறேன். வெளியேறும்போது ஓடும் ஸ்கிரிப்டுகள் இருந்தால் அப்படி வைக்காதீர்கள் என்று அந்தக் கொள்கையின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. விளக்கத்தை யார் படிக்கிறார்கள்?

யாரும் வெளியேறுவதே இல்லை, எழுந்து போய்விடுகிறார்கள் என்பது அடுத்த சிக்கல். டெஸ்க்டாப்பில் 'முடித்தேன்' என்று பெரிதாக ஒரு ஷார்ட்கட் வைத்தேன். அழுத்தினால் வெளியேற்றிவிடும். மானிட்டருக்கு மேலேயும் ஒரு அட்டை ஒட்டினோம்.

பின் நடந்தவை

முதல் வாரத்திலேயே செயலாளரிடமிருந்து அழைப்பு. "தம்பி, நான் செயலாளர். எனக்கே பூட்டா?" அவருக்கும் ஒரு சாதாரணக் கணக்கு கொடுத்திருந்தேன், நிர்வாகியல்லாதவர் என்பதால் அவரும் தடைக்குள் வந்துவிட்டார். பிரிண்டர் அமைப்பைத் திறக்கப் போயிருக்கிறார். அவரை நிர்வாகியாக்கிவிடுவது சுலபம், ஆனால் அவர் அந்தக் கணக்கில் நாள் முழுக்கப் பிரவுசரைத் திறந்து வைத்திருப்பவர். "ஐயா, நானே தினப்படி வேலைக்கு நிர்வாகிக் கணக்கை எடுக்கிறதில்லை" என்றேன். அவர் பெயருக்கென்று தனிக் கொள்கை ஒன்றைத் திறந்து, அங்கே கன்ட்ரோல் பேனல் தடையை 'டிஸேபிள்டு' என்று வைத்தேன். 'நாட் கான்ஃபிகர்டு' என்று விட்டால் கீழடுக்கின் தடையே நீடிக்கும். தடையை முறிக்க வெளிப்படையாக மறுக்க வேண்டும்.

படிப்பகம் கணக்குக்கு மட்டும் கொள்கை போட்டு மற்றவர்களை விட்டிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது. யோசித்துத்தான் அதைத் தவிர்த்தேன். நாளைக்கு யாராவது பிள்ளைகளுக்கென்று ஒரு புதுக் கணக்கு திறந்தால், யாரும் நினைவு வைத்துச் செய்யாமலேயே அது தடைக்குள் வர வேண்டும். விலக்கு வேண்டியவர் ஒருவர்தான்.

ஒரு மாணவி தன் விண்ணப்ப நகலைப் பென் டிரைவுக்கு மாற்றும் முன்பே 'முடித்தேன்' அழுத்திவிட்டார். கோப்பு போய்விட்டது. தளத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்ததால் பெரிய இழப்பில்லை. ஆனாலும் அழுதுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இப்போது அந்த ஷார்ட்கட் முதலில் டவுன்லோட்ஸைத் திறந்து காட்டி, எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்ட பிறகே வெளியேற்றுகிறது.

எனக்கும் ஒரு அடி. பென் டிரைவில் கொண்டுபோன பழுதுபார்க்கும் கருவியை என் நிர்வாகிக் கணக்கிலிருந்தே ஆப்லாக்கர் தடுத்தது. யுஏசி எனப்படும் பயனர் கணக்குக் கட்டுப்பாடு இயங்கும்போது நிர்வாகியும் சாதாரண உரிமையோடுதான் வேலை செய்கிறார். நிர்வாகிகளுக்கான விதி அப்போது அவருக்குப் பொருந்தாது. வலது கிளிக் செய்து நிர்வாகியாக இயக்கு என்று கொடுத்ததும் ஓடியது. முதலில் திடுக்கிட்டாலும், இது இப்படி இருப்பதே நல்லது என்று பட்டது.

ஜூன் 9 குரூப் 4 தேர்வு வரை வேறு பெரிய தொந்தரவு இல்லை. ஷார்ட்கட் ஆகிப்போன பென் டிரைவ்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கணினிக்குள் எதுவும் ஏறவில்லை.

மறுபடி செய்வதானால்

முதல் கொள்கையைத் தொடும் முன்பே மீட்பு வழியை ஒரு தாளில் எழுதிவிடுவேன். பூட்டிக்கொண்ட பிறகு கைபேசியின் சிறிய திரையில் தேடுவது கொடுமை. அந்தத் தாள் இப்போது லாமினேட் ஆகி, நிர்வாகிக் கடவுச்சொல் உள்ள உறையோடு படிப்பக பீரோவில் இருக்கிறது. அடுத்து, யார் யார் நிர்வாகிக் குழுவில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். பழைய கணினியைப் போலப் பொதுக் கணக்கே நிர்வாகியாக இருந்தால், நிர்வாகியல்லாதவர் கொள்கை எத்தனை போட்டாலும் அதன்மேல் ஒட்டாது.

கன்ட்ரோல் பேனல் தடையை இனிப் போடமாட்டேன். கெடுதல் செய்யும் அமைப்புகளுக்கு எப்படியும் நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். மற்றவற்றைப் பூட்டியதால் எனக்கு வந்த அழைப்புகள்தான் அதிகம்: எழுத்தைப் பெரிதாக்க முடியவில்லை, சுட்டியின் வேகம் கூடவில்லை என்று. கண் சரியாகத் தெரியாத ஒருவருக்கு எழுத்தைப் பெரிதாக்க அனுமதி மறுத்த பூட்டு அது என்று நினைக்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் அந்தக் கணினியை 11-க்கு மாற்றியாயிற்று. எம்எம்சி வழி அங்கேயும் அப்படியே இருக்கிறது.

இடையில் இரண்டாவதாக ஒரு கணினி நன்கொடையாக வந்தது. அதில் ஹோம் பதிப்பு, ஜிபிஎடிட் கிடையாது. அதில் செய்தது ஒரு சாதாரணக் கணக்கு, பிரவுசரில் கடவுச்சொல் சேமிப்பு நிறுத்தம், அந்த 'முடித்தேன்' ஷார்ட்கட், அவ்வளவுதான். அதில் ஒருமுறை மட்டும் ஷார்ட்கட் வைரஸ் ஓடியது. அந்தக் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது.